முத்தையா அண்ணனைப் பிடித்துக் கொடுத்த கம்பியூட்டர்

நான் ஒரு சந்தேகப் பிராணி. இதை ஒப்புக்கொள்ள எனக்கு இப்போது வெட்கமில்லை. பட வேண்டிய வெட்கத்தையெல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமை மாலையில் மொத்தமாகப் பட்டு முடித்துவிட்டேன்.

அப்போது நான் பத்து பெரெண்டாம் என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். ஒரு திருகாணி வெளியே போவதென்றாலும் மூன்று கையெழுத்துக் கேட்கிற வேலை. அந்தப் புத்தியை ஐந்து மணிக்கு அங்கேயே கழற்றி வைத்துவிட்டு வர எனக்குத் தெரியவில்லை. பாசாரில் முதலில் தராசைப் பார்ப்பேன், அப்புறம் மீன்காரரின் முகத்தைப் பார்ப்பேன், மீனைக் கடைசியில்தான் பார்ப்பேன். கல்யாண மண்டபத்தில் ஒரு செருப்பை ஒரு மூலையிலும் மற்றதை எதிர் மூலையிலும் கழற்றி விடுவேன். (திரும்பும்போது இரண்டாவது மூலை எது என்று எனக்கே மறந்துவிடும். ஒற்றைச் செருப்போடு வீடு வந்திருக்கிறேன்.)

இப்படிப்பட்டவன் வீட்டில்தான் கேஸ் தோங், அதாவது சமையல் கேஸ் சிலிண்டர், திருடு போனது. காஜா பெராங்கில் எங்களுடையது வரிசை வீடு. சமையலறைக்கு வெளியே, பின்பக்கச் சந்து ஓரமாக, சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்த தோங். தம்பின் ஊரில் இருக்கிற மனைவி சாந்தியின் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் சங்கிலி மட்டும் இருந்தது. அதுவும் ஒழுங்காகச் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. அவ்வளவு ஒழுங்கு அந்நியனுக்கு வராது, நம்மைத் தெரிந்த ஆள்தான் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டேன்.

உடனே கேமரா வைப்பது என்று தீர்மானமாயிற்று. அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. கேமரா பிடிக்கிற படத்தை எதில் பதிவு செய்வது? சாந்தியின் தம்பி குணா ஆயர் குரோவில் ஒரு கம்பியூட்டர் கடையில் வேலை பார்த்தான். அவன் கம்பியூட்டர் கட்சி.

"மாமா, வீட்டுலதான் ஒரு கம்பியூட்டர் சும்மா கெடக்குதே. உள்ள ஒரு கார்டு போட்டு நாலு கேமராவையும் சொருகிட்டா முடிஞ்சிச்சி. பெரிய ஸ்கிரீன்ல பாக்கலாம், நிறுத்திப் பாக்கலாம், திருடன் மூஞ்சியப் பெரிசு பண்ணிப் பாக்கலாம்."

"நீ ஏன் இவ்வளவு ஆசையாச் சொல்ற?" என்று கேட்டேன்.

"கேட்டீங்களேன்னு சொன்னேன் மாமா" என்றான் பாவம்.

அவனை நம்பாமல் புக்கிட் பாருவில் ஒரு சீனர் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஒரு தட்டையான பெட்டியை மேசைமேல் வைத்தார். கம்பியூட்டரே வேண்டாம், இது தனியாகவே பதிவு செய்யும் என்றார். "சினாங், சினாங்" என்று மலாயில் இரண்டு தரம் சொன்னார். சுலபமாம். வைரஸ் வராது, நடுவில் உறைந்து நிற்காது. முக்கியமாக, கரண்ட் போய் வந்தால் யாரும் தொட வேண்டாம், தானாகவே எழுந்து மறுபடி பதிவு செய்ய ஆரம்பித்துவிடும். கம்பியூட்டர் அப்படி எழுந்திருக்காது, ஆள் வந்து எழுப்ப வேண்டும் என்று விரலை ஆட்டிச் சொன்னார்.

நல்ல புத்தியுள்ளவன் அந்த இடத்திலேயே பெட்டியை வாங்கியிருப்பான். நான் யோசித்தேன். காஜா பெராங்கில் கரண்ட் போவதே அபூர்வம், இந்த ஆள் எதற்குக் கரண்ட் போவதைப் பற்றியே பேசுகிறார்? தவிர, அந்தப் பெட்டி ஒரு பிஸ்கட் டின் அளவுதான் இருந்தது. வருகிற திருடன் அதையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டால்? கம்பியூட்டரை அப்படித் தூக்க முடியாது. அதன் மானிட்டரை நகர்த்தவே எங்கள் வீட்டில் இரண்டு பேர் வேண்டும். மூன்று சனிக்கிழமை அந்தக் கடைக்கும் குணாவின் கடைக்கும் அலைந்தேன். அங்கே கேட்டதை இங்கே சொல்லி, இங்கே கேட்டதை அங்கே சொல்லி, இரண்டு பேரில் யார் பொய் சொல்கிறார்கள் என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். (இருவருமே உண்மையைத்தான் சொன்னார்கள். அது எனக்குத் தோன்றவேயில்லை.)

கடைசியில் கம்பியூட்டர்தான். குணா கார்டு போட்டு, நாலு கேமராவும் மாட்டிக் கொடுத்தான். பாஸ்வேர்டு போடும்போது மட்டும் அவனை வெளியே அனுப்பிவிட்டேன். பதினாலு எழுத்து, சாந்திக்கும் சொல்லவில்லை. அது ஆகஸ்டு மாதம். வீட்டுக்கு வீடு தேசியக்கொடி கட்டியிருந்தார்கள், நானும் கட்டினேன். அதனால் இரண்டாம் நம்பர் கேமராவில் ஒரு மாதம் முழுக்கக் கொடி மட்டும்தான் பறந்தது. மற்ற மூன்றும் ஒழுங்காக வேலை செய்தன.

இப்போது முத்தையா அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து வீடு. டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருக்கும் மனைவி கமலா அக்காவுக்கும் பிள்ளைகள் இல்லை. எங்கள் மகள் மலருக்கு அப்போது ஆறு வயது. பள்ளி வேனிலிருந்து இறங்கினால் புத்தகப்பையை அவர்கள் வீட்டில்தான் போடுவாள், சாப்பிட்டுவிட்டுத்தான் எங்கள் வீட்டுப் பக்கம் வருவாள். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அண்ணனிடம் இருந்தது. அதை எப்போது, எதற்காகக் கொடுத்தேன் என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன். அந்த அளவுக்குப் பழைய பழக்கம்.

கேமரா வைத்த பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை தம்பின் போனோம். மூன்று தரமும் மாலையில் திரும்பி வந்தால் கம்பியூட்டர் அணைந்து கிடந்தது. மூன்றாவது தரம் புதுத் தோங்கும் இல்லை.

கதவைச் சாத்திக்கொண்டு பதிவைப் போட்டுப் பார்த்தேன். பிற்பகல் மூணே முக்காலுக்கு முத்தையா அண்ணன் எங்கள் கேட்டைத் திறக்கிறார். மேலே பார்க்கிறார். தலையில் துண்டைப் போட்டு முகத்தை மறைக்கிறார். வேகவேகமாக வந்து சாவி போட்டுக் கதவைத் திறக்கிறார். உள்ளே போகிறார். அவ்வளவுதான், படம் இருட்டு. முந்தின வாரத்தைப் போட்டேன். அதேதான். அதற்கு முந்தின வாரமும் அதேதான்.

சாந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

"மலர் பொறக்கிறப்ப என்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனது யாரு? நீங்க ஸ்டோர்ல போல்ட்டு எண்ணிக்கிட்டு இருந்தீங்க. அண்ணன்தான் கூட்டிட்டுப் போனாரு."

"அது வேற, இது வேற. இது ஆதாரம்."

"கேக்கறதுன்னா தனியாப் போயிக் கேளுங்க. தப்பாப் போச்சின்னா அந்த வீடு நமக்கு இல்ல. அப்புறம் மலருக்கு என்ன சொல்லுவீங்க?"

இவ்வளவு தெளிவாக ஒரு மனுஷி எடுத்துச் சொன்னாள். கேட்டேனா? அடுத்த ஞாயிறு மாலை அண்ணனையும் கமலா அக்காவையும் பசியாற அழைத்தேன். குணாவையும் வரச் சொன்னேன், நிபுணர் சாட்சி வேண்டுமே. சாந்தி வடை சுட்டாள்.

கம்பியூட்டரைக் கூடத்துக்குக் கொண்டு வந்து படத்தை ஓட விட்டேன். அண்ணனுக்கு ஒரே சந்தோஷம்.

"அட, நம்மதான்! கமலா, இங்க பாரு, டிவியில வந்துட்டேன். ஆமா, பின்னால முடி இவ்வளவா கொட்டிப் போச்சி?"

"எப்பவோ கொட்டிப் போச்சி. ஒங்களுக்குத்தான் தெரியல" என்றார் அக்கா.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன். கையில் ஒரு அடிக்கோல் வைத்திருந்தேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். மலரின் பள்ளிக்கூட அடிக்கோல். அதால் திரையைத் தொட்டுக் காட்டினேன்.

"இங்க மேல பாக்குறீங்க. இங்க துண்டால மூஞ்ச மறைக்கிறீங்க. உள்ள போறீங்க. போனதும் கேமரா எல்லாம் அடங்கிப் போவுது. மூணு வாரமும் இப்படித்தான். தோங் எங்கண்ணே?"

கமலா அக்கா கடித்த வடையைத் தட்டில் வைத்தார். அண்ணன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. நான் தமாஷ் பண்ணுகிறேன் என்றுதான் நினைத்தார் போலும். தமாஷ் இல்லை என்று புரிந்ததும் அந்தச் சிரிப்பு மெல்லப் போயிற்று.

"தம்பி, ரெண்டு வருசத்துக்கு முன்ன ஒன் டிவி இடி விழுந்து எரிஞ்சிச்சே, ஞாபகம் இருக்கா? மறுநாளு செவுத்துக்கு அந்தப் பக்கம் நின்னு சாவியக் குடுத்த. 'அண்ணே, நாங்க இல்லாதப்ப இடி இடிச்சா உள்ள போயி மெயின் சுவிட்ச அடைச்சிருங்க'ன்னு சொன்ன. அன்னியிலேருந்து அடைச்சிக்கிட்டுதான் வர்றேன். மானத்தப் பாத்தேன், இருட்டிக்கிட்டு இருந்திச்சி. தூறல்னு துண்டப் போட்டேன். மழை விட்டதும் திரும்ப வந்து சுவிட்சப் போட்டுட்டும் போவேன், பிரிஜ்ஜுல மீனு கெட்டுப் போயிடுமேன்னு."

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. சுவர், சாவி, நான் சொன்ன வார்த்தை, எல்லாம்.

நிபுணர் சாட்சி அந்த நேரம் பார்த்து வாயைத் திறந்தது. "மாமா, மெயின அடைச்சா கம்பியூட்டர் செத்துரும். திரும்பப் போட்டாலும் தானா எழுந்துக்காது. நீங்க வந்து பாஸ்வேர்டு அடிச்சாத்தான். அந்தத் தனிப் பொட்டியா இருந்தா அண்ணன் சுவிட்சப் போட்டதுமே எழுந்திருக்கும். அண்ணன் வெளிய போறதும் பதிவாகியிருக்கும், அப்புறமா வந்த திருடனும் பதிவாகியிருப்பான்."

அதாவது, நான் யோசித்து யோசித்து வாங்கிய சாமான் திருடனை விட்டுவிட்டு, என் வீட்டைக் காப்பாற்ற வந்தவரை மட்டும் மூன்று தரம் படம் பிடித்திருந்தது. பூமி பிளக்கும் என்று கொஞ்சம் காத்திருந்தேன். பிளக்கவில்லை.

அண்ணன் இடுப்பு முடிச்சிலிருந்து சாவியை எடுத்தார். வடைத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "வர்றோம்மா" என்று சாந்தியிடம் மட்டும் சொல்லிக்கொண்டு இருவரும் போய்விட்டார்கள். அடிக்கோல் இன்னும் என் கையில் இருந்தது.

அடுத்த நாள் வாசலில் மன்னிப்புக் கேட்டேன். "பரவால்ல தம்பி" என்றார். அது பரவாயில்லை என்று அர்த்தப்படவில்லை. மலர் வழக்கம்போல அங்கே போனாள், அவளுக்குச் சாப்பாடும் கிடைத்தது. ஆனால் சுவருக்கு மேலே வந்துகொண்டிருந்த குழம்புக் கிண்ணம் நின்றுவிட்டது. சாந்தி என்னோடு பேசுவதும் ஏறக்குறைய நின்றுவிட்டது. எனக்கு ஸ்டோரில் கணக்கு ஓடவில்லை. ஊரிலேயே நான் சந்தேகப்படாமல் இருந்த மனிதர் அவர் ஒருவர்தான், அவரைப் போய் இப்படிக் கேட்டுவிட்டோமே என்ற வேதனை உள்ளே அறுத்துக்கொண்டிருந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு பிற்பகல் வானம் கறுத்தது. சாந்தி மலரோடு தம்பின் போயிருந்தாள். வீட்டில் ஆளில்லை, அண்ணனிடம் சாவியுமில்லை. முதல் இடி இடித்ததும் மேனேஜரிடம் சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். நனைந்துகொண்டு வீட்டு வாசலுக்கு வந்தால், எங்கள் கேட்டுக்கு முன்னால் குடை பிடித்துக்கொண்டு முத்தையா அண்ணன் நிற்கிறார்.

"என்னாண்ணே மழையில நிக்கிறீங்க?"

"இடி இடிக்குது. சாவி இல்ல. அதான் நின்னு பாக்குறேன், ஒன் கம்பியூட்டரு எரியுதா இல்லையான்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. (மழையில் தெரிந்திருக்காது என்று பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். தெரிந்ததாம்.) பையிலிருந்து என் சாவியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன்.

"அண்ணே, நீங்களே போயி அடைச்சிருங்க."

அவர் சாவியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குடையை என் கையில் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டார். கார் நிறுத்தும் இடத்துக்குப் போய், கேமராவுக்கு நேர் கீழே நின்றார். இரண்டு கைகளையும் விரித்து உயரத் தூக்கிக் காட்டினார். ஒன்றுமில்லை என்பதுபோல் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றினார். சட்டைப் பையை வெளியே இழுத்து விட்டார். அப்புறம்தான் கதவைத் திறந்து உள்ளே போய் மெயின் சுவிட்சை அடைத்தார். அடுத்த நாள் சுவருக்கு மேலே மீன் குழம்பு வந்தது.

அந்தச் சனிக்கிழமையே புக்கிட் பாருவுக்குப் போய்ப் பெட்டியை வாங்கி வந்தேன். தோங்கை எடுத்தவன் யார் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. ஆனால் அண்ணன் அந்தச் சோதனையை விடவில்லை. எங்கள் வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் கை தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, பையை வெளியே இழுத்துக் காட்டிவிட்டுத்தான் வருவார். கமலா அக்கா கற்றுக்கொண்டார். மலர் கற்றுக்கொண்டாள். குணா வேண்டுமென்றே இரண்டு சுற்றுச் சுற்றுவான்.

போன வருடம் மலருக்குக் கல்யாணம். மணமக்களை ஆசீர்வதிக்க அண்ணனும் அக்காவும் மேடையேறியபோது வீடியோக்காரர் கேமராவை அவர்கள் பக்கம் திருப்பினார். அண்ணன் நின்றார், இரண்டு கைகளையும் தூக்கினார், ஒரு சுற்றுச் சுற்றினார். பட்டுப்புடவையில் மணப்பெண்ணும் எழுந்து நின்று கையைத் தூக்கினாள். மண்டபத்தில் பாதிப் பேர் சிரிக்க, மீதிப் பேர் என்ன விஷயம் என்று கேட்க, சாந்தி புதுச் சம்பந்தி அம்மாளை உட்கார வைத்து அடிக்கோல் வரை ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். இப்போது மாப்பிள்ளை வீட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தால், வாசலில் வரிசையாக நின்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுகிறார்கள்.