திங்கட்கிழமை மாளிகை

"இந்தப் பூட்டைப் பாக்கத்தான் அவ்வளவு தூரம் பில்பாவோலேர்ந்து வந்தேனா?" என்றார் வழுக்கைத் தலை டாக்டர்.

கோர்தோபா நகரத்தில் சுற்றுலா வழிகாட்டியாக எவரிஸ்தோவுக்கு அன்றுதான் முதல் நாள். பிரபு மாளிகையின் கதவில் 'திங்கள் விடுமுறை' என்று பலகை தொங்கியது. அவன் பின்னால் பன்னிரண்டு பேர். மே மாதத்து மூன்று மணி வெயில் வேறு.

ஒரே வருடத்தில் மூன்று வேலையைத் தொலைத்தவன் அவன். "இதுவும் போச்சுன்னா என் பொண்ணைத் திரும்பக் கூட்டிட்டு வந்துடுவேன் மாப்பிள்ளை" என்று மாமியார் ஃபுவென்சாந்தா சொல்லியிருந்தாள். சொன்னால் செய்கிற பெண்மணி. முதலாளி ஃபெர்மின், ஒரே ஒரு புகார் வந்தாலும் வீட்டுக்குப் போகலாம் என்றிருந்தார்.

ஓரமாகப் போய் அவருக்குப் போன் போட்டான்.

"அண்ணே, மாளிகை பூட்டிக் கிடக்கு!"

"திங்கக்கிழமைன்னா பூட்டித்தான் கிடக்கும். மூளையைக் கசக்குப்பா. அவங்க பாக்க வந்த முற்றத்தைக் காட்டாம அனுப்பினே, தொலைஞ்சே!" வைத்துவிட்டார்.

கசக்கினான். "முன்வாசல் எல்லாருக்கும் உள்ளது. உங்களை நான் பின்வாசல் வழியாக் கூட்டிட்டுப் போறேன்!"

பின்வாசல் என்று ஒன்று கிடையாது. வாய்க்கு வந்ததைப் பேசிக்கொண்டே சந்து சந்தாக நடந்தான்.

"தெருவை ஏன் இவ்வளவு குறுகலாப் போட்டாங்க தெரியுமா? சூரியன் எட்டிப் பாக்கக் கூடாதுன்னு! சுண்ணாம்புச் சுவரைத் தொட்டுப் பாருங்க."

பன்னிரண்டு பேரும் தொட்டுப் பார்த்தார்கள். இந்த வெயிலிலும் சுவர் ஜில்லென்றிருந்தது. எங்கிருந்தோ மல்லிகை வாசம் வந்தது. அட, நம்ம ஊர் நல்லாத்தான் இருக்கு என்று அவனுக்கே சந்தோஷமாகிவிட்டது.

"இந்தத் தண்ணிக் குழாயை மூணாவது தடவை பாக்கறேன்" என்றார் டாக்டர்.

பதற்றத்தில் எவரிஸ்தோ கண்ணில் பட்ட திருப்பத்தில் திரும்பினான். நேரே மாமியார் வீட்டு இரும்புக் கிராதிக் கதவு, விரியத் திறந்தபடி!

உள்ளே முற்றம். தரை முழுக்கக் கூழாங்கல் கோலம். சுவரில் கூரை வரைக்கும் நீலத் தொட்டிகள், சிவப்பு ஜெரேனியம் பூக்கள். நடுவில் கிணறு. நாணல் கழியின் நுனியில் கட்டிய தகர டப்பாவால் மேல் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள் ஃபுவென்சாந்தா.

"ஆஹா!" என்றார்கள் எல்லோரும். எவரிஸ்தோவும்தான். திட்டு வாங்கக் குனிந்த தலையோடு வந்து போனவன், அந்தச் சுவரை அன்றைக்குத்தான் நிமிர்ந்து பார்த்தான்.

"பிரபுவோட அந்தரங்க முற்றம்" என்று அவிழ்த்துவிட்டான். "இவங்க, மாளிகைக் காப்பாளர்."

மாமியார் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். தகர டப்பா தன் தலையில்தான் என்று நினைத்தான்.

"காலைத் துடைச்சிட்டு வாங்க. பிரபுவுக்கு அழுக்குப் பிடிக்காது" என்றாள் அவள்.

எவரிஸ்தோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அங்க காயறது என்ன?" டாக்டர் கை காட்டிய இடத்தில் மாமனாரின் நீள உள்ளாடை ஆடியது.

"அது... வந்து..."

"சமாதானக் கொடி. பிரபு சரணடைஞ்சப்போ காட்டினது" என்றாள் மாமியார்.

இதோடு விட்டிருக்கலாம். ஆனால் மூலையில் நாற்காலியில் மாமனார் ஒனோஃப்ரே வாயைப் பிளந்து மத்தியானத் தூக்கம் போட்டுக்கொண்டிருந்தார்.

"இவர் யாரு?"

"கடைசிப் பிரபு. மெழுகுச் சிலை" என்றான் எவரிஸ்தோ.

சிலை குறட்டை விட்டது.

"உள்ள விசை வெச்சிருக்கோம்!"

"ஒரு தடவை சாவி கொடுத்தா நாலு நாள் ஓடும்" என்றாள் மாமியார்.

டாக்டர் குனிந்து சிலையின் மணிக்கட்டைப் பிடித்தார். "நாடி துடிக்குதே?"

"சுவிட்சர்லாந்து வேலைப்பாடு" என்றான் எவரிஸ்தோ.

டாக்டர் நிமிர்ந்தார். "உங்க முதலாளிக்கு எழுதித்தான் ஆகணும்" என்று நோட்டை எடுத்தார். எவரிஸ்தோவின் மனக்கண்ணில் மனைவி பெட்டியோடு படியிறங்கினாள்.

மாமியார் அசரவில்லை. டாக்டரை நிழலில் உட்கார வைத்து, சில்லென்ற தக்காளிக் கூழை, மேலே அவித்த முட்டையை உதிர்த்துத் தூவி, கிண்ணத்தில் கொடுத்தாள். அவர் சாப்பிட்டார். பூக்களைப் பார்த்தார். தொட்டிகளிலிருந்து தண்ணீர் சொட்டுவதைக் கேட்டார். இன்னொரு கிண்ணம் கேட்டார். பிறகு எழுதியதை உரக்கப் படித்தார்.

"இருபது மாளிகை பாத்திருக்கேன். குடியிருக்கணும்னு தோணினது இது ஒண்ணுலதான்."

எல்லோரும் கைதட்டினார்கள். எவரிஸ்தோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் மானத்தைக் காப்பாத்திட்டீங்க அத்தை" என்று கிசுகிசுத்தான்.

"போய் வேலையைப் பாருங்க மாப்பிள்ளை" என்று அவள் தொட்டிகள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கூட்டம் வெளியேறியது. கடைசியாக வந்தவர் சிவப்புத் தொப்பி அம்மாள். பூட்டிய கதவைப் பார்த்தபோதும் வாய் திறக்காமல் சிரித்துக்கொண்டே நின்றவர். வாசலில் நின்று சிலையை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தார்.

"அஞ்சு வருஷம் முன்னாடி ஒரு திங்கக்கிழமை, உங்க முதலாளி ஃபெர்மின்தான் எங்களை இங்க கூட்டிட்டு வந்தாரு தம்பி. அப்போ இந்தச் சிலைக்கு இவ்வளவு தொந்தி இல்லை."