கண்டக்டர் ஊதாத விசில்

அன்றைக்கு அந்த ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள்: கண்டக்டர், தேங்காய்ப்பட்டணம் லாரன்ஸ், தங்கலீலா டீச்சர், இவர்களைக் கூட்டி வந்த நான். இல்லாதது: லிஃப்ட். இல்லாதவர்: அதைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லவேண்டிய அதிகாரி.

கன்னியாகுமரி மாவட்டத்தில் கண்டக்டரிடம் திட்டு வாங்காத ஆள் இருந்தால், அவர் இன்னும் பிறக்கவில்லை என்று அர்த்தம். முப்பத்தொரு வருஷம் நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் நடுவே பஸ்ஸில் நின்றுகொண்டே வாழ்ந்தவர். ஓய்வு பெற்ற மறு வருஷம் பார்க்கின்சன் நோய் வந்தது. நடுக்கம் எதுவானாலும் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே பெயர்தான், விறையல். நோய் முதலில் அவர் குரலைப் பிடித்தது. தக்கலையில் கத்தினால் அழகியமண்டபத்தில் இறங்க வேண்டியவன் எழுந்து நிற்பான், அப்படிப்பட்ட குரல் ரகசியம் பேசுவதுபோல் ஆகிவிட்டது. அதனால் திட்டு குறையவில்லை. திட்டு வாங்குகிறவன் அவர் வாயருகே காதைக் கொண்டுபோய், “என்ன சொன்னீரு?” என்று கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்ததாகக் கால். நன்றாக நடந்து வருவார். கதவைக் கண்டதும் பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும். அதற்கு அவரே கண்டுபிடித்த மருந்து, கழுத்தில் தொங்கிய பழைய விசில். டபுள் விசில் கொடுத்தால் கால் கிளம்பும். ஒரு விசில் கொடுத்தால் நிற்கும். தெருவில் இருபது வீட்டுக்கும் கண்டக்டர் எப்போது கக்கூஸுக்குப் போகிறார், எப்போது வெளியே வருகிறார் என்பது தெரியும்.

நான் பிசியோதெரபி படித்தவன். ரப்பர் பால் வெட்டுகிற அப்பாவுக்குப் பிறந்து, எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் கால் வைத்த முதல் ஆள். தாளத்துக்கும் சத்தத்துக்கும் ஏற்ப நடந்தால் இந்த நோயில் சிக்கிய கால் விடுபடும் என்பதைப் புத்தகத்தில் படித்து, பரீட்சை எழுதி, பெருமையோடு அவரிடம் விளக்கினேன்.

“இத படிக்கதுக்கா மக்கா உனக்க அப்பன் இத்தன மரம் வெட்டினாரு? எங்க டிப்போவில வந்து கேட்டிருந்தா சும்மாவே சொல்லியிருப்பேனே” என்றார்.

மாதம் ஒரு சனிக்கிழமை சர்ச் ஹாலில் நோயாளிகளையும் வீட்டாரையும் கூட்டி நான் தொடங்கிய குழுவை இரண்டாவது கூட்டத்திலேயே கைப்பற்றிவிட்டார். ஊர் அதற்கு விறையல் சங்கம் என்று பெயர் வைத்தது. உறுப்பினர்களை அவர் பாசஞ்சர் என்பார். மாத்திரை நேரத்தைப் பஸ் டைமிங்போல அட்டையில் எழுதி ஒவ்வொருவர் கையிலும் கொடுத்தார். ஆறு பத்து, பத்து பத்து, இரண்டு பத்து. ஐந்து நிமிஷம் தாமதித்தவர்களுக்குக் கூட்டத்தில் மெமோ. தங்கலீலா டீச்சர் ஒருமுறை மீன்கறிச் சோற்றோடு மாத்திரையையும் விழுங்கிவிட்டு வேலை செய்யவில்லை என்று அழுதார். “மீனும் மாத்திரையும் ஒரே சீட்டில இருந்தா மீனுக்குத்தான் ஜன்னல் கிடைக்கும் டீச்சரே” என்றார் கண்டக்டர். மீனின் புரதம் மாத்திரையை உடம்பில் ஏற விடாது என்று எங்களுக்கு ஒரு செமஸ்டர் நடத்திய பாடம் அது.

இந்தச் சங்கத்தில் நிஜமாகவே சிக்கலில் இருந்தவர் லாரன்ஸ். துறைமுகத்தில் மீன் ஏலம் எடுக்கிறவர். அங்கே விரல் அசைந்தால் விலை ஏறும். நோய் வந்த பிறகு அவர் விரல் அவரைக் கேட்காமலே அசைந்தது. வேண்டாத சாளை கூடை கூடையாக அவர் தலையில் விழுந்தது. “காலையிலேயே ஏத்திட்டான்” என்று கரையெல்லாம் பேச்சு. சொட்டுக் குடிக்காத மனிதர். தொழில் போனது. மாற்றுத்திறனாளி சான்றிதழ் கிடைத்தால் மாத உதவித்தொகை கிடைக்கும். அதைவிட, குடிகாரன் இல்லை என்று சர்க்கார் முத்திரையோடு ஒரு தாள் கையில் இருக்கும். லாரன்ஸுக்கு வேண்டியது அந்தத் தாள்.

சான்றிதழ் முகாம் நடந்தது ஆஸ்பத்திரி மேல்மாடியில். நடக்க முடியாதவர்களுக்கான முகாமை இருபத்திரண்டு படிக்கு மேலே வைத்த மூளையை யாராவது ஆராய்ச்சி செய்ய வேண்டும். முதல் முகாமில் லாரன்ஸ் படியேறிவிட்டார். இந்த நோயில் அது நடக்கும். சமதரையில் சிக்குகிற கால் படியில் ஏறிவிடும்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்து, “மாடி ஏறி வந்துட்டீங்களே, அப்புறம் என்ன குறை?” என்றார். நான் பத்து நிமிஷம் ஆங்கிலத்தில் விளக்கினேன். “அடுத்தவர்” என்றார்.

டீச்சரால் ஏற முடியவில்லை. பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதிவிட்டார்கள். ஆக, ஏறியவருக்கு நோய் இல்லை, ஏறாதவர் ஆளே இல்லை.

முகாமைக் கீழே நடத்தச் சொல்லி டீச்சர் மனு எழுதினார். முதல் வரி சுவர் விளம்பரம்போல இருந்தது. போகப்போக எழுத்து சிறுத்து, கோரிக்கை வந்த இடத்தில் கடுகாகிவிட்டது. இதுவும் நோயின் வேலைதான். அதிகாரி ‘மதிப்பிற்குரிய ஐயா’ வரை படித்து, பரிசீலிப்பதாகப் பதில் போட்டார்.

இரண்டாவது முகாமுக்குப் போனபோது கண்டக்டர் படிக்கட்டின் அடியில் நின்றுகொண்டு ஒரே ஒரு விசில் ஊதினார். எங்கள் மாவட்டத்துச் சனம் பஸ்ஸில் வளர்ந்தது. ஊன்றுகோலோடு முதல் படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றார். அவர் பின்னால் வரிசை நின்றது. டீ கொண்டு போன பையன்கூட நின்றான்.

மேலே ஒரு நோயாளியும் வராமல்போகவே, பியூன் இறங்கி வந்தார். “ஏன் ஒருத்தரும் வரல்ல?”

கண்டக்டர் உதட்டை அசைத்தார். பியூன் குனிந்தார். “என்ன சொல்லுதீரு?”

“வண்டி பிரேக் டவுண். டாக்டர இஞ்ச எறங்கச் சொல்லும்.”

மதியம் ஒன்றே முக்கால் வரை இழுத்தது. கடைசியில் டாக்டரே இறங்கினார், முகத்தில் கடுகு வெடித்துக்கொண்டு. படியை ஒட்டிய அறையில் உடைந்த கட்டில்களை ஓரம் தள்ளி, மேலே இருந்து ஒரு மேஜையை இரண்டு ஊழியர்கள் தூக்கி வந்து போட்டார்கள்.

“லாரன்ஸ்!”

லாரன்ஸ் பத்து பத்துக்குப் போட்ட மாத்திரையின் வேகம் அதற்குள் தீர்ந்துபோயிருந்தது. வாசல்வரை வந்தார். நின்றார். நிலைப்படிகூட இல்லை, வெறும் மொசைக் தரை.

“உள்ள வாங்க” என்றார் டாக்டர்.

“வாறேன் சாரே. காலு வரல்ல.”

உடம்பு முன்னால் சாய்ந்தது, பாதம் அங்கேயே இருந்தது. முகத்தில் வியர்வை. டபுள் விசில் கேட்டால் லாரன்ஸ் ஜோராக நடந்து உள்ளே போய்விடுவார். சான்றிதழும் அதோடு போய்விடும். நான் கண்டக்டரைப் பார்த்தேன். நின்ற எதையும் முப்பத்தொரு வருஷம் கிளப்பிவிட்டுப் பழகிய கை, தானாகக் கழுத்துக் கயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது. பல்லைக் கடித்தார். கயிற்றைத் தலைவழியே இழுத்தார். காதில் மாட்டியது. விறைக்கிற கையால் காதோடு மல்லுக்கட்டிக் கழற்றி, விசிலை என் கையில் திணித்தார்.

“பிடிலே. எனக்க கிட்ட இருந்தா ஊதிப்போடுவேன்.”

டாக்டர் எழுந்து வந்து லாரன்ஸின் பாதத்தைக் குனிந்து பார்த்தார். “அன்னிக்கு மாடி ஏறினாரே?”

கண்டக்டர் முனகியதைக் கேட்க டாக்டரும் காதைக் கொண்டுபோனார். “படி ஒண்ணொண்ணா தெரியுது சாரே, காலு பாத்து ஏறிடும். இந்த வெறுந்தரையில எங்க சவிட்டணும்னு காலுக்கு யாரு சொல்லுவா?”

டாக்டர் ஒரு நாற்காலியை வாசலுக்கே இழுத்துப் போட்டு, அங்கேயே உட்கார்ந்து லாரன்ஸைச் சோதித்து எழுதினார். பிறகு டீச்சருக்கும் எழுதினார்.

எல்லாம் முடிந்து திரும்பினால், கண்டக்டர் அதே வாசலில் ஒட்டிக்கொண்டு நிற்கிறார். விசில் என் கையில்.

“ஊதுலே” என்றது உதடு.

முதல் தடவை வெறும் காற்று வந்தது. “இதுக்கும் காலேஜில போய் படிக்கணுமா?” என்றார். இரண்டாம் தடவை டபுள் விசில் கிளம்பியது. கண்டக்டர் நடந்தார், லாரன்ஸ் நடந்தார், வெளியே காத்திருந்த வரிசை முழுக்க ஓரடி முன்னால் நகர்ந்தது.

அதன் பிறகு முகாம் கீழேதான் நடக்கிறது. லிஃப்டுக்கான கோப்பு இன்னும் மேல்மாடியில் பரிசீலனையில் இருக்கிறது. முகாமைக் கீழே இறக்க ஆன மொத்தச் செலவு, மேஜை தூக்கிய இருவருக்கும் கண்டக்டர் வாங்கிக் கொடுத்த டீயும் பழம்பொரியும். அதை நான் கொடுக்கப் பையில் கை விட்டேன். என் கையைத் தட்டிவிட்டார்.

“பையில வை மக்கா. நீ நம்ம வண்டியில ஸ்டாஃபாக்கும்.”

கடைக்காரர் சில்லறை எண்ணி வாங்கிக்கொண்டார். நாற்பத்தெட்டு ரூபாய்.