அறுபத்தொன்றாம் அடிக்குறிப்பு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு, மாமனார் எழுதிக்கொள்வது. நானும் உங்கள் அத்தையும் நலம். என் முழங்காலை மட்டும் இந்த நலத்தில் சேர்க்க வேண்டாம்.

வாடகை வீட்டைக் காலி செய்ய வைக்கும் சட்டம் பற்றிய உங்கள் கட்டுரையை என்னிடம் விட்டு, காற்புள்ளிகளை மட்டும் பார்த்து வெள்ளிக்கிழமைக்குள் சட்ட இதழுக்கு அனுப்பச் சொன்னீர்கள். அது வெளிவந்தால்தான் கல்லூரியில் உங்கள் வேலை நிரந்தரம் என்பதும் தெரியும். ஆனால் முப்பது வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்திய கை சும்மா இருக்குமா? முதல் வாக்கியத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அவள் எழுந்து போய்த் துணிகளை மடித்து வைத்துவிட்டு வந்தாள். நான் இன்னும் 'எனினும்' என்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். "இதுல மனுஷங்க யாராவது வர்றாங்களா?" என்று கேட்டாள். நாற்பது பக்கமும் தேடி, அறுபத்தொன்றாம் அடிக்குறிப்பில் ஒருவரைக் கண்டுபிடித்தேன்: 'வழக்கில் தோற்ற அம்மையார், சாவியை ஒப்படைக்கும் முன் வீட்டைப் பெருக்கிவிட்டுப் போனார்.' அத்தை அந்த வரியை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். இப்படி எழுதத் தெரிந்தவர் அதைப் பொடி எழுத்தில் அடியில் ஒளித்து வைப்பானேன் என்று கோபம் வந்து, அந்த வரியைத் தூக்கி முதல் வரியாக்கினேன். அதோடு விட்டேனா, கண்டதையும் வெட்டி, பதினொரு பக்கமாகத் தட்டச்சும் செய்துவிட்டேன்.

பிறகுதான் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். நான் மூன்றாக உடைத்த ஒரு நீள வாக்கியத்திலிருந்து 'நோயாளி வசிக்கும் வீடு நீங்கலாக' என்ற நாலு சொல் உதிர்ந்திருந்தது. என் வாக்கியம் படிக்க அழகு. ஆனால் படுக்கையில் கிடப்பவரைத் தெருவில் தள்ளிவிட்டது. உங்களுடையது மூச்சு வாங்க வைத்தாலும் ஒருவரையும் வெளியே விடவில்லை. அதுவும் ஓர் அழகுதான் என்று இந்த வயதில் புரிந்துகொண்டேன். ஆகவே என்னுடையதை ஓரமாக வைத்துவிட்டு, உங்கள் நாற்பது பக்கத்தையும் உறையில் போட்டு அத்தையிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கவலை வேண்டாம்.

உங்கள் முதல் வாக்கியத்தைப் போல நீண்ட ஆயுளோடு இருங்கள். மகளுக்கும் அதே ஆசி.

பி.கு.: அத்தை அஞ்சலில் சேர்த்துவிட்டு வந்துவிட்டாள். ஆனால் உங்கள் நாற்பது பக்கம் அலமாரியில் இருக்கிறது; என் பதினொரு பக்கத்தைத்தான் காணோம். கேட்டால், "அந்தம்மாவ மறுபடியும் அடியில தள்ள எனக்கு மனசு வரல. நீங்க விட்ட நாலு சொல்லையும் ஓரத்துல பேனாவால எழுதிட்டுத்தான் அனுப்பினேன்" என்கிறாள்.