தங்க அட்டைத் தாய்மாமன்

சிங்கப்பூரில் பல இனத்தவர் வாழ்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இன்னும் இடம்பெறாத ஓர் இனமும் இங்கே வாழ்கிறது. மைல் சேர்ப்போர் இனம். கடன் அட்டையில் செலவழித்தாலும் விமானத்தில் பறந்தாலும் கிடைக்கும் 'மைல்' என்ற புள்ளிகளைச் சேர்த்து இலவச டிக்கெட்டாக மாற்றலாம்; எந்தச் செலவுக்கு எந்த அட்டை அதிக மைல் தரும் என்பதே இவர்களுக்கு ஓயாத கவலை. எல்லா மொழியிலும் எல்லா மதத்திலும் அவர்கள் உண்டு. காப்பிக் கடையில் உங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, ஒரு கோப்பைக் காப்பிக்குக் காசு கொடுக்க நான்கு கடன் அட்டைகளைச் சீட்டுக்கட்டு மாதிரி விரித்து, "இது டைனிங்ல வருமா, கான்டாக்ட்லெஸ்ல வருமா?" என்று தமக்குத் தாமே கேட்டுக்கொண்டு, கடைக்காரரையும் கேட்டு, கடைசியில் முதலில் எடுத்த அட்டையையே நீட்டுகிறாரே, அவர்தான். உங்களுக்குப் பின்னால் வரிசை நீளுவதும் அவரால்தான்.

நமக்கு வாய்த்திருப்பவர் சுந்தரேசன். பொங்கோலில் ஐந்தறை வீடு, கப்பல் சரக்கு நிறுவனத்தில் மேலாளர் வேலை, சுதா என்றொரு பொறுமைசாலி மனைவி. ஆனால் நீங்கள் யார் என்று கேட்டால் இவற்றில் எதையும் சொல்லமாட்டார். "நான் கோல்டு" என்பார். விமான நிறுவனம் ஒன்று, அடிக்கடி பறந்ததற்காக அவருக்குத் தங்க நிறத்தில் ஓர் அட்டை கொடுத்திருக்கிறது. பிளாஸ்டிக்தான். ஆனாலும் அதை அவர் எடுத்துக் காட்டும் விதத்தைப் பார்த்தால் உங்களுக்கே அடகுக் கடை நினைவு வரும்.

நண்பர்களோடு சிராங்கூன் ரோட்டில் சாப்பிடப் போனால், பில் வந்ததும் பாய்ந்து எடுப்பவர் சுந்தரேசன். தமிழ்நாட்டிலிருந்து புதிதாக வேலைக்கு வந்திருந்த இளமாறன் முதல்முறை இதைப் பார்த்து நெகிழ்ந்தே போய்விட்டான். "என்ன சார், அத்தனை பேருக்கும் நீங்களேவா?" என்று கையைப் பிடித்துக்கொண்டான். ரயில் நிலையம் வந்து சேர்வதற்குள் அவன் கைப்பேசி சிணுங்கியது. "தம்பி, உங்க பங்கை பேநவ்ல போட்டு விட்டுருங்க லா. கொத்துப் பரோட்டா நீங்கதானே?" தாராள மனம் அல்ல. எட்டுப் பேர் சாப்பாட்டின் மைல் ஒருவர் கணக்கில் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்த மனம்.

தேக்கா சந்தையில் அவருக்குப் பிடித்த மீன்காரர் ரொக்கம்தான் வாங்குவார். ஆகவே சுந்தரேசன் வீட்டில் நல்ல மீன் கிடையாது. பேரங்காடியில் உறைந்து கிடக்கும் மீனை அட்டையில் வாங்கி வந்து, சாப்பிடும்போது முகத்தைச் சுளிக்காமல் இருக்கப் பழகியிருக்கிறார். அவர் அலுவலகம் போன பிறகு சுதா தேக்காவில் வஞ்சிரம் வாங்கி வறுத்துச் சாப்பிட்டுவிட்டு ஜன்னலைத் திறந்து வைப்பது நமக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது, சொல்லிவிடாதீர்கள்.

ஹோட்டல் கதை தனி. ஹோட்டல்களிலும் இதே போல் உறுப்பினர் தகுதி உண்டு; ஆண்டுக்கு இத்தனை இரவு தங்கினால் அடுத்த ஆண்டும் காலைச் சாப்பாடு இலவசம். சென்ற ஆண்டுக் கடைசியில் அவருக்கு ஓர் இரவு குறைந்தது. என்ன செய்தார்? பொங்கோலில் ஊதாத் தட ரயிலில் ஏறி, அதே தடத்தில் ஃபேரர் பார்க்கில் இறங்கி, ஒரு ஹோட்டலில் அறை எடுத்துத் தனியாகத் தூங்கிவிட்டு வந்தார். வரும்போது குளியலறையிலிருந்து ஷாம்பு புட்டிகள் கொண்டுவந்தார். அவர் தலையைப் பார்த்தவர்கள் அந்த ஷாம்புவைப் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்பதில்லை.

விமான நிலையம் போவதென்றால் பாதி நாள் முன்னாலேயே கிளம்பிவிடுவார். தங்க அட்டைக்காரர்களுக்கான லவுஞ்சில் உட்கார வேண்டுமே! அங்கே லக்சா நூடுல்ஸ் இருக்கும், சுமாரான வடை இருக்கும், சோபா இருக்கும். "வீட்டுலயே சாப்பிட்டுட்டு வந்தா அதுவும் ஃப்ரீதானேங்க" என்று சுதா ஒருமுறை கேட்டுவிட்டார். "அது ஃப்ரீ. இது காம்ப்ளிமென்டரி" என்றார் சுந்தரேசன். வித்தியாசம் புரியாதவர்களிடம் அவர் வாதாடுவதில்லை.

இத்தனை சேர்த்து என்ன செய்கிறார் என்றுதானே கேட்கிறீர்கள்? ஒன்றும் செய்வதில்லை. ஜப்பானில் பூப்பூக்கும் காலத்தைப் பார்க்க வேண்டும் என்று சுதாவுக்கு நெடுநாள் ஆசை. ஒவ்வொரு ஆண்டும் சுந்தரேசன் கணினி முன் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து, தேடிப் பார்த்துவிட்டு, "இப்ப மைலை டிக்கெட்டா மாத்தினா வேல்யூ இல்ல சுதா" என்பார். பூக்கள் அதற்குள் உதிர்ந்துவிடும். அவருக்கு மைல் என்பது போவதற்கல்ல, வைத்திருப்பதற்கு.

இப்படிப்பட்டவருக்கு ஒரே ஓர் அக்கா. லட்சுமி. தோ பாயோவில் இருக்கிறார். அக்காவுக்கு ஒரே மகள், ரக்ஷனா. அவளுக்கு ஒரே தாய்மாமன், நம்மவர். சின்னக் குழந்தையாக இருக்கும்போது இவர் மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொண்டாள். அழுத அழுகையில் இவர் சட்டையெல்லாம் ஈரம். அவளைவிட இவர் அதிகமாக அழுதார் என்று லட்சுமி இன்றும் சொல்வார். மைல், அட்டை எல்லாம் வருவதற்கு முந்தைய சுந்தரேசன் அவர்.

ரக்ஷனாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தம், தோ பாயோ கோயிலில். தாய்மாமன் கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்து வந்தால்தான் பெண் வருவாள். அது அந்தக் குடும்பத்தில் பாட்டன் காலத்திலிருந்து வரும் வழக்கம். "வேற எது இருக்கோ இல்லையோ, மாமா, நீங்க இருக்கணும்" என்று ரக்ஷனா பத்திரிகை கொடுக்கும்போதே சொல்லியிருந்தாள். சுந்தரேசன் கண் கலங்கினார். பிறகு பத்திரிகையில் தேதியைப் பார்த்தார். வேறு விதமாகக் கலங்கினார்.

அந்த மாதத்தோடு அவருடைய தங்கத் தகுதி முடிகிறது. நீட்டிக்க இன்னும் ஒரு பயணம் போய்வர வேண்டும். அலுவலகத்தில் விடுப்பு இல்லை, மற்ற வார இறுதிகளில் டிக்கெட் இல்லை. மிஞ்சியது கல்யாணத்துக்கு முந்தைய சனிக்கிழமை. காலையில் ஜகார்த்தா, மாலையில் வீடு.

"கல்யாணத்துக்கு முந்தின நாள் யாராச்சும் ஜகார்த்தா போவாங்களாங்க? அங்க நமக்கு யாரு இருக்கா?"

"யாரும் இல்ல."

"அப்புறம் எதுக்கு?"

"திரும்பி வர்றதுக்கு."

சுதா, எதற்கும் இருக்கட்டும் என்று கல்யாணத்துக்கான பட்டு வேட்டி சட்டையை அவர் பையில் மடித்து வைத்தார். இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் என்று பிறகு நினைத்துக்கொண்டார்.

பயணம் அருமையாக அமைந்தது. ஜகார்த்தா ஊருக்குள் அவர் கால் வைக்கவே இல்லை. லவுஞ்சில் இருந்தார், சாப்பிட்டார், குளித்தார், மறுபடி சாப்பிட்டார். மாலை விமானத்துக்கு வாயிலில் வந்து நின்றபோது, சீருடைப் பெண் ஒருத்தி ஒலிபெருக்கியை எடுத்தாள். விமானத்தில் இருக்கைகளைவிடப் பயணிகள் அதிகமாம். யாராவது ஒருவர் மறுநாள் முதல் விமானத்தில் வர முன்வந்தால் இருபதாயிரம் மைல், நல்ல ஹோட்டலில் ஓர் இரவு, இரவுச் சாப்பாடு.

ஒரு கை உயர்ந்தது. யாருடைய கை என்று சுந்தரேசனும் மற்றவர்களைப் போலவே திரும்பிப் பார்த்தார். தம்முடையதுதான்.

நாளைக்கு அவசர வேலை ஏதும் இல்லையே என்று அந்தப் பெண் அக்கறையோடு கேட்டாள். "குடும்ப விசேஷம்தான்" என்றார். முதல் விமானம் எட்டு மணிக்கெல்லாம் சாங்கியில் இறங்கிவிடும். முகூர்த்தம் ஒன்பதுக்கு மேல். டாக்சியில் தோ பாயோ எவ்வளவு தூரம்? கணக்கு சரியாகத்தான் இருந்தது. அதிலும் அந்த ஹோட்டல் அவர் உறுப்பினராக இருக்கும் அதே ஹோட்டல். ஓர் இரவு கூடுதல்! அக்கா வீட்டில் இருந்த சுதாவுக்குப் போன் செய்தார். பின்னணியில் நலுங்குச் சத்தம் கேட்டது. பெண்கள் சிரித்தார்கள், யாரோ பாடினார்கள்.

"ஃப்ளைட் ஃபுல்லு சுதா, காலையில வந்துடறேன்."

"ஃபுல்லா? உங்களுக்கு சீட் இருந்துச்சே? நீங்க கோல்டாச்சே?"

சிக்னல் சரியில்லை என்றார்.

மறுநாள் காலை விமானத்தில் ஏதோ கோளாறு. முதலில் கொஞ்ச நேரம் என்றார்கள். பிறகு இன்னும் கொஞ்ச நேரம் என்றார்கள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. ஓர் ஆறுதல், லவுஞ்ச் திறந்திருந்தது. பட்டு வேட்டி சட்டையை ஹோட்டலிலேயே கட்டிக்கொண்டு வந்திருந்த சுந்தரேசன், சோபாவின் நுனியில் உட்கார்ந்து, எதையும் சாப்பிடாமல் கடிகாரத்தைப் பார்த்தார். லவுஞ்சில் அவர் சாப்பிடாமல் இருந்தது அதுவே முதல்முறை.

சுதா வீடியோவில் அழைத்தார். கைப்பேசியை மணவறைப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டார். தங்க உறுப்பினர்களுக்கான இணைய வசதி அல்லவா, துளித் தடங்கல் இல்லை. "தாய்மாமன் வாங்கோ, நேரமாறது" என்று ஐயர் கூப்பிட்டது கேட்டது. லட்சுமி யாரிடமோ ஏதோ சொன்னது தெரிந்தது. கோவிந்தராசு முன்னால் வந்தான். லட்சுமிக்கும் சுந்தரேசனுக்கும் ஒன்றுவிட்ட தம்பி. மலேசியாவின் ஜொகூர் பாருவிலிருந்து, எல்லையில் நெரிசல் இருக்கும் என்று விடிவதற்கு முன்பே பஸ் ஏறி வந்தவன். எந்த நிறுவனத்திலும் எந்த நிற அட்டையும் இல்லாதவன். தோளில் போட்டிருந்த துண்டைச் சரிசெய்துகொண்டு ரக்ஷனாவின் கையைப் பிடித்தான். அவள் நடந்தாள். நடக்கும்போது இரண்டு முறை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அதுவும் தெளிவாகத் தெரிந்தது.

கெட்டிமேளம் கேட்டபோது, பக்கத்து இருக்கையில் இருந்தவர் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டார்.

சுந்தரேசன் சாங்கியில் இறங்கியபோது நண்பகல். கிடைத்த டாக்சியில் ஏறினார். தோ பாயோ கோயில் வாசலில் நிறுத்தி, ஓட்டுநர் அதீஃப், "கார்டா கேஷா அங்கிள்?" என்று கேட்டார். சுந்தரேசன் பணப்பையைத் திறந்து, எதையும் விரித்துப் பார்க்காமல், கைக்கு வந்த நோட்டைக் கொடுத்துவிட்டு ஓடினார். இந்தச் சம்பவத்தை அவருடைய நண்பர்கள் இன்றுவரை நம்பவில்லை.

கோயில் மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. லட்சுமி அவரைப் பார்த்து, "வா சுந்தரேசா, சாப்பிடு" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை. கோவிந்தராசுதான் எழுந்து வந்து, "அண்ணே, நீங்க வர வரைக்கும் ஒரு ஆளா நின்னேன், அவ்ளோதான்" என்று சங்கடப்பட்டான். எல்லோரும் அவனை "பொண்ணோட மாமா" என்று கூப்பிட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள்.

ரக்ஷனா மாலையும் கழுத்துமாக நின்றாள். சுந்தரேசன் அவளிடம் போய், மூச்சு வாங்க, வாழ்நாளில் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"ரக்ஷனா, மாமா மைல் பூரா உனக்குத்தான். ஹனிமூனுக்கு எங்க வேணும்னாலும் போ. பிசினஸ் கிளாஸ். ரெண்டு பேருக்கும்."

"வேணாம் மாமா."

"வேல்யூ பாக்காத. எல்லாத்தையும் எடுத்துக்க."

"நான் டோர் பக்கமே பாத்துட்டு இருந்தேன் மாமா." சிரிக்கத்தான் முயன்றாள். "காது குத்தறப்ப நீங்கதான் புடிச்சுக்கிட்டீங்கன்னு அம்மா சொல்லுவாங்க. இன்னைக்கும் நீங்கதான்னு நெனச்சேன்."

சுந்தரேசனுக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதார். பட்டுச் சட்டை நனைந்தது. சுதா பக்கத்தில் வந்து நின்று கைக்குட்டையைக் கொடுத்தார். அது ஹோட்டலிலிருந்து வந்த கைக்குட்டை.

அந்த நேரம் பார்த்துச் சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. விமான நிறுவனத்தின் மின்னஞ்சல். தங்கத் தகுதி மேலும் ஓர் ஆண்டு நீட்டிக்கப்பட்டிருக்கிறதாம். "அன்புள்ள சுந்தரேசன், நீங்கள் எங்களுக்கு மிகவும் முக்கியமானவர்" என்று தொடங்கியிருந்தது. அவர் அதை முழுவதும் படிக்கவில்லை. பிறகு, அடுத்த ஆண்டு வசந்தத்துக்குச் சுதாவோடு போக ஜப்பான் டிக்கெட் போட்டுவிட்டதாகவும், வேல்யூ படுமோசம் என்று போட்டுவிட்டுப் புலம்பியதாகவும் கேள்வி. ரக்ஷனாவின் கல்யாண ஆல்பத்தில் மட்டும் தாய்மாமன் இடத்தில் கோவிந்தராசுதான் நிற்கிறான். அதை எந்த மைல் கொடுத்தும் மாற்ற முடியாது.

சரி, அவரைப் பார்த்துச் சிரித்தது போதும். உங்களிடம் ஒரு சின்னக் கேள்வி. ஜகார்த்தாவில் அந்தப் பெண் இருபதாயிரம் மைல், ஹோட்டல், சாப்பாடு என்று அடுக்கினாளே, அந்த இடத்தைப் படித்தபோது உங்களுக்கு முதலில் நினைவு வந்தது ரக்ஷனாவா? அல்லது, "பரவாயில்லையே, நல்ல ஆஃபர்தான்" என்று ஒரு கணம் தோன்றியதா? பதில் சொல்ல வேண்டாம். கையை மட்டும் கீழே இறக்குங்கள்.