மைக்செட் அண்ணனின் கண் மேப்

மதுரையில் தன் கண்ணைத் தானே காதலித்த ஒரே மனிதர் மைக்செட் அண்ணன்தான். விளாங்குடியில் விசேஷ வீடுகளுக்கு மைக்செட் கட்டுபவர். நான் வேலை பார்க்கும் கண் ஆஸ்பத்திரியில் லேசர் சிகிச்சை செய்து, சோடாபுட்டிக் கண்ணாடியைக் கழற்றி எறிந்தவர். சிகிச்சைக்குப் பிறகு கருவிழியின் வடிவம் எப்படி மாறியிருக்கிறது என்று மெஷினில் அளப்பது என் வேலை. மேடான இடம் சிவப்பாகவும் தட்டையான இடம் நீலமாகவும் ஸ்கிரீனில் வரும்.

அளக்கும்போது வாயை மூட வேண்டும். அண்ணனால் ஆகாத காரியம் அது ஒன்றுதான்.

"அண்ணே, இமைக்காம, பேசாம இருங்க."

"பேசாமத்தான தம்பி இருக்கேன். அதத்தான சொல்லிக்கிட்டிருக்கேன்."

ஒருவழியாகப் படம் விழுந்தது. நடுவில் நீலம், சுற்றிலும் பச்சை. அண்ணன் துள்ளிவிட்டார். "அடேயப்பா! வண்டியூர் தெப்பக்குளம் தண்ணி நெறஞ்சு கெடக்குற மாதிரில்ல இருக்கு! ஒரு காப்பி குடு."

அதை லேமினேட் செய்து, கடையில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டினார். ஊதுபத்தியும் காட்டியதாகக் கேள்வி. அப்புறம் கூப்பிடாத நாளிலெல்லாம் வர ஆரம்பித்தார். "எம்புட்டு மாறிருக்குன்னு பாரு தம்பி." விரட்டினால் வெயிட்டிங் ஹாலில் உட்கார்ந்துகொண்டு, லேசருக்குப் பயந்தவர்களுக்கு மைக் இல்லாமலே அறிவிப்பு கொடுப்பார். "தாய்மார்களே, வலிக்கவே வலிக்காது! பயந்தவங்க என் கண்ண வந்து பாத்துக்கங்க!"

ஒருநாள் தொல்லை தாங்காமல் அளந்தேன். இடது கண்ணின் கீழ்ப்பக்கம் ஒரு சிவப்புத் திட்டு. மறுபடி அளந்தேன். திட்டு அங்கேயேதான் இருந்தது.

டாக்டரம்மா பழைய படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். "கருவிழி பலவீனமாகிப் புடைக்க ஆரம்பிச்சிருக்கு. நல்லவேளை, இப்பவே வந்தீங்க. மருந்து ஊத்தி, ஒளி பாய்ச்சி இறுக்கிட்டா மேல போகாம நிறுத்தலாம்."

அன்றுதான் அண்ணன் பேசாமல் இருந்ததைப் பார்த்தேன். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கம்பத்துல ஏறிக் கொழாய் ஸ்பீக்கர் கட்டுறவன் தம்பி. கண்ணு போச்சுன்னா?"

"போகாதுண்ணே" என்றேன்.

சிகிச்சை முடிந்து சில மாதம் கழித்து அளந்தேன். திட்டு வளரவில்லை.

"அண்ணே, அப்படியே நிக்குது!"

அவ்வளவுதான், ஹாலுக்கு ஓடினார். "அன்பார்ந்த பொதுமக்களே! எங் கண்ணு தப்பிச்சிருச்சு!" யாரோ ஒருவர் கைதட்ட, சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தவர்களும் சேர்ந்து தட்டினார்கள். சத்தம் கேட்டு வந்த டாக்டரம்மா, திட்ட வாயெடுத்துச் சிரித்துவிட்டார்.

இனிமேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்று அண்ணனிடம் சொல்லி அனுப்பினார்.

அறிவிப்புச் சத்தம் இல்லாமல் ஹால் வெறிச்சென்று கிடக்கிறது. அவ்வளவு நாள் தள்ளிச் சொல்லும்படி டாக்டரம்மாவை யார் கேட்டார்கள்?