டொக்கு சார் பார்த்த பதினேழு வீடுகள்

சொந்த வீடு வாங்குவதில்லை என்று டொக்கு சார் தீர்மானம் செய்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, சமையலறை வாசலில் சாய்வு நாற்காலியைப் போட்டுச் சாய்ந்துகொண்டு. அந்த நேரத்தில் வீட்டுக்காரப் பெரியவர், பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை விட்டு, ஸ்பேனரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்க."

"இறுக்கிட்டேன் சார்."

"சொட்டுதே."

"அது என் வேர்வை சார்."

இந்தச் சுகம் சொந்த வீட்டில் கிடைக்குமா? வாடகைக்கு இருப்பவன் ஒரு குரல் கொடுத்தால் மாடியிலிருந்து ஆள் இறங்கி வருகிறது. சொந்தக்காரன் யாருக்குக் குரல் கொடுப்பான்? டொக்கு சாருக்கு ஸ்பேனரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது. பத்து வருஷமாகத் தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை.

குறை கண்டுபிடிப்பது மட்டும் அவருக்குத் தொழில். தரை டைல் செய்யும் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவர். ஒவ்வொரு டைலையும் சின்ன மரச்சுத்தியால் தட்டுவார். 'டிங்' என்றால் பெட்டிக்குப் போகும். 'டொக்கு' என்றால் குப்பைக்குப் போகும். பேர் அப்படி வந்ததுதான்.

அன்று பெரியவர் மாடியேறிப் போனதும் மனைவி ஆரம்பித்தாள்.

"என்னங்க, நமக்குன்னு ஒரு வீடு பாக்கலாமே. ஒரு கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கணும்னாலும் மாடிக்குப் போய்க் கேட்டுட்டு வர வேண்டியிருக்கு."

மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. கல்யாணமான புதிதில் ஒரு தடவை மறுத்துப் பார்த்தார். ஒரு தடவை போதுமாக இருந்தது.

"தாராளமா பாக்கலாமே" என்றார். பார்க்கலாம் என்றுதானே சொன்னோம், வாங்கலாம் என்று சொல்லவில்லையே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். எத்தனை வீடு காட்டினாலும் அத்தனையும் டொக்கு. அலுத்துப்போய் அவளே விட்டுவிடுவாள்.

மறுநாளே அவள் ஒரு நோட்டு வாங்கி வந்து, பக்கத்துக்குப் பக்கம் நடுவில் கோடு போட்டுக் கொடுத்தாள்.

"இந்தப் பக்கம் பாக்கப் போற வீடு. அந்தப் பக்கம் நம்ம வீடு. ஒப்பிட்டு எழுதுங்க. கீழ தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுடுங்க, வேலையில போடறாப்பல."

தன் தொழிலுக்கு வீட்டில் இப்படி ஒரு மரியாதை கிடைத்ததில் டொக்கு சாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

முதல் வீடு தெருமுனையில். போனதுமே சுத்தியை எடுத்துத் தட்டினார்.

"சார், அது சுவர்" என்றார் தரகர். "கதவு இந்தப் பக்கம்."

"தெரியும்யா. கேளு. டொக்கு! பூச்சு விட்டுப்போச்சு."

"நம்ம வீட்டுச் சுவர் எப்படிங்க?" என்றாள் மனைவி.

"அது மணி மாதிரி பேசும்!"

"எழுதிக்குங்க."

நான்காவது வீட்டில் சமையலறை ஜன்னல் மேற்கே பார்த்தது. சாயங்கால வெயிலில் கண் அவிந்துபோகும் என்றார். நம்ம வீட்டு வெளிச்சம் மாதிரி வருமா என்றும் அவரே கேட்டார். எழுதிக்குங்க என்றாள்.

ஒன்பதாவது வீடுதான் கொஞ்சம் ஆட்டம் காட்டியது. இருபது நிமிஷம் தட்டியும் எல்லாம் டிங். கட்டில் அடியில்கூடப் புகுந்து தட்டினார். டிங். தரகர் முகம் மலர்ந்தது. டொக்கு சாருக்கு வேர்த்துவிட்டது.

"என்னவோ ரொம்ப அமைதியா இருக்கே" என்றார் கடைசியில்.

"அமைதிதானே சார் வேணும்?"

"என்னய்யா பேசற? ஆபத்துன்னு கத்தினா யாருக்குக் கேக்கும்? நம்ம வீட்டுல கத்தினா பெரியவர் ஸ்பேனரும் கையுமா ஓடி வருவார்."

"எழுதிக்குங்க, எழுதிக்குங்க" என்றாள் மனைவி. முகத்தில் கோபம் துளிக்கூட இல்லை. இத்தனை நல்லவளை ஏமாற்றுகிறோமே என்று ஒரு நொடி அவருக்கு மனசு உறுத்தியது. அடுத்த நொடி சரியாகிவிட்டது.

பதினேழாவது வீட்டுக்குப் பிறகு தரகர் அவரைக் கண்டாலே எதிர்த்தெருவுக்குத் தாவ ஆரம்பித்தார். நோட்டும் தீர்ந்துவிட்டது. டொக்கு சார் அதை மேசைமேல் போட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"பாத்தாச்சும்மா. இந்த வட்டாரத்துலயே நம்ம வீடு மாதிரி ஒரு வீடு கிடையாது."

"நல்லா யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"பதினேழு கையெழுத்துப் போட்டிருக்கேன்!"

"அப்ப சரி, வாங்கிடலாம்."

"எதை?"

"நம்ம வீட்டைத்தான். பெரியவர் விக்கறார்." அவள் மாடிப்படிப் பக்கம் திரும்பினாள். "பெரியவரே, சார் ஒத்துக்கிட்டார்! இறங்கி வாங்க!"

படியிலேயே காத்திருந்தவர்போல் பெரியவர் பத்திர நகலோடு உள்ளே வந்தார்.

"மூணு மாசம் முன்னாடியே அம்மா கேட்டாங்க சார். எனக்கும் ஸ்பேனர் பிடிச்சுப் பிடிச்சு முதுகு போச்சு. மாடி ரூம்ல வாடகைக்கு இருந்துக்கறேன், வீட்டை எடுத்துக்குங்கன்னேன். சார் ஒத்துக்கணுமேன்னு ஒரு பயம்தான். அதை நான் பாத்துக்கறேன்னாங்க."

டொக்கு சார் சுத்தியை எடுத்தார். கூடத்துச் சுவரைத் தட்டினார். டிங். குளியலறை. டிங். ஓடிப்போய் அலமாரியை நகர்த்தி அதன் பின்னால் தட்டினார்.

டிங்.

"அங்க போன மழைக்குப் பூசினது சார்" என்றார் பெரியவர். "நீங்கதானே நாற்காலி போட்டு உக்காந்து வேலை வாங்கினீங்க?"

உண்மைதான். பத்து வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளில், அந்த வீட்டில் ஒரு டொக்கைக்கூட அவர் விட்டுவைத்திருக்கவில்லை.

"அப்ப அந்தப் பதினேழு வீடு?" என்றார் மனைவியைப் பார்த்து, ஈனஸ்வரத்தில்.

"அதுல ஒண்ணுமில்லீங்க. நோட்டுல நம்ம வீட்டுப் பக்கம் நிறையணும், அவ்வளவுதான்."

சொந்தக் கையெழுத்தைச் சொந்தமில்லை என்று சொல்ல முடியுமா? பதினெட்டாவது கையெழுத்தையும் போட்டார்.

பத்திரம் பதிவான அன்று மனைவி கூடத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்தாள். கோணலாகத்தான் போனது. பிடுங்கிவிட்டுப் பக்கத்தில் இன்னொன்று அடித்தாள். யாரிடமும் கேட்கவில்லை. கண்ணாடியை மாட்டிவிட்டு அதன் முன்னால் கொஞ்ச நேரம் சும்மா நின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. டொக்கு சார் பழக்க தோஷத்தில் நாற்காலியைப் போட்டுச் சாய்ந்தார். மனிதர் மாடியில்தானே இருக்கிறார், பழகின முகத்துக்கு ஒரு உதவி செய்யாமலா போய்விடுவார் என்று ஒரு நப்பாசை.

மணி பத்தடித்தது. கதவைத் தட்டும் சத்தம். பெரியவர்தான். ஒரு கையில் ஸ்பேனர். இன்னொரு கையில் மடக்கு நாற்காலி, புத்தம் புதிது. ஸ்பேனரை மட்டும் நீட்டினார்.

"மாடியில குழாய் ஒழுகுது சார்."

கால் மணி கழித்து, மாடி அறையின் தொட்டிக்கு அடியில் டொக்கு சாரின் இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. பெரியவர் நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து குனிந்து பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்க சார்."

"இறுக்கிட்டேன்."

"சொட்டுதே. வேர்வையா?"

"இல்ல பெரியவரே. கண்ணீர்."