பாய்க்கு அடியில் இருந்த க்ளட்ச்

முப்பது வருடங்களுக்கு மேலாக எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. அன்றைக்கு காரை நான் வேண்டுமென்றே கெடுத்தேனா, அல்லது எனக்கு மூளை இல்லையா என்பதுதான் வழக்கு. இதுவரை நான் வாய் திறந்ததில்லை. இப்போது ஒப்புக்கொள்கிறேன். மூளைதான் இல்லை.

ஃபீஜியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்த வருடம் அது. ராத்திரியில் எங்களைப் போன்ற இந்திய வம்சத்தார் வீடுகள் மேல் கல் விழுந்தது. பா என்ற எங்கள் ஊரில் பாதிப் பேர் விசாவுக்கு மனுப் போட்டுவிட்டுப் பெட்டி வாங்கக் கிளம்பிவிட்டார்கள். என் அக்காவுக்கும் அத்தானுக்கும் நியூசிலாந்து கிடைத்தது. ஆனால் குறிப்பிட்ட தேதிக்குள் அங்கே போய் இறங்கிவிட வேண்டும். தவறினால் அந்தத் தாள் செல்லாது. அவர்களுக்குக் கிடைத்த விமானமோ கடைசி நாளில், ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்று பஸ், டாக்ஸி எதுவும் ஓடக்கூடாது என்று அப்போது சட்டம். ஆக, நாந்தி விமான நிலையத்துக்கு என் காரை விட்டால் கதியில்லை.

அந்தக் காரின் க்ளட்ச் அந்த வாரம்தான் உயிரை விட்டது. "மெக்கானிக்கிட்ட குடுத்துடு மச்சான்" என்றார் அத்தான். எந்த மெக்கானிக்? ஒருவர் சிட்னிக்குப் போய்விட்டார். இன்னொருவர் ஆக்லாந்தில். மூன்றாமவர் தலைநகர் சூவாவில் விசா வரிசையில் நின்றுகொண்டிருந்தார்.

"நான் எதுக்கு இருக்கேன்?" என்றேன். நான் ரராவாய் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். யானை கனத்துக்கு இருக்கும் கரும்பு உருளைகளையே கழற்றி மாட்டுகிறவனுக்கு ஒரு க்ளட்ச் பிளேட் எம்மாத்திரம்? (இந்த வாக்கியத்தை அந்த வாரம் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். பால்காரரிடம்கூட.)

சனிக்கிழமை மாட்டி முடித்தேன். ஓட்டிப் பார்த்தேன். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. அக்கா தட்டு நிறைய பஜ்ஜி போட்டுக் கொடுத்தாள்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு மேரே வந்தாள். இந்த மண்ணின் ஃபீஜிக்காரி. அக்காவும் அவளும் பத்து வருடம் வேலிக்கு மேல் குழம்பும் மீனும் மாற்றிக்கொண்டவர்கள். தன் கையால் பின்னிய, ஓரமெல்லாம் கலர் கம்பளி நூல் வைத்த தாழம்பாய் ஒன்றை அக்காவின் மடியில் வைத்தாள். "ஈசா..." என்று மட்டும் சொன்னாள். ஐயோ, போகிறாயே என்று அர்த்தம். அப்புறம் இரண்டு பேரும் அழுதார்கள்.

ஆனால் பெட்டியில் இடமில்லை. இடித்த மசாலாவும் மாங்காய் ஊறுகாயும் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தன. "நீயே வச்சுக்கடா" என்று அக்கா மனசில்லாமல் என்னிடம் கொடுத்தாள்.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. என் கார் தரையில் துரு தின்ற ஓட்டைகள். சேறு தெறித்தால் அக்காவின் புதுப் புடவை என்ன ஆகும்? அந்தப் பழைய காரில் கியர் கம்பி ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருக்கும், கீழே தடையில்லை. ஞாயிறு காலை பாயை நான்காக மடித்து, இந்தக் கதவிலிருந்து அந்தக் கதவு வரை, என் கால், அக்கா கால் இரண்டுக்கும் சேர்த்து விரித்தேன். கல்யாணக் கார் மாதிரி இருந்தது.

எல்லோரும் ஏறியாயிற்று. க்ளட்சை மிதித்துக் கியரைத் தள்ளினேன். கர்ர்ர்ர்ர்! இன்னொரு முறை. கர்ர்ர்ர்ர்! தெரு நாய் எழுந்து போய்விட்டது.

இறங்கினேன். அயர்ன் செய்த வெள்ளைச் சட்டையோடு காருக்கு அடியில் படுத்தேன். கேபிளை எவ்வளவு முறுக்கலாமோ அவ்வளவும் முறுக்கினேன். பிரயோஜனமில்லை. மிதித்தாலும் க்ளட்ச் முழுசாக விடவில்லை. பிளேட்டைத் திருப்பி மாட்டிவிட்டேனோ? ஸ்பிரிங் உடைந்துவிட்டதோ? கியர் பாக்ஸை மறுபடி இறக்கிப் பார்க்க அரை நாளாகும். காருக்கு அடியில், முன்னால், பின்னால் என்று எல்லா இடத்திலும் தேடினேன். என் செருப்புக்கு அடியில் மட்டும் தேடவில்லை.

அத்தான் வெளுத்த முகத்தோடு நின்றார். "மச்சான், ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. வேணும்னே செஞ்சியா?"

எனக்குச் சுரீரென்றது. அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டு வளர்த்தவள் அக்கா. அவள் போகக்கூடாது என்று நான் வேண்டாத சாமியில்லை. அதனால்தான் பதில் வரவில்லை. மௌனத்தை அத்தான் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"ஏறுங்க. கொண்டு போய்ச் சேக்கிறது என் பொறுப்பு" என்று கத்தினேன்.

க்ளட்ச் இல்லாமல் கார் ஓட்ட ஒரு குறுக்கு வழி உண்டு. எஞ்சினை அணைத்து, கியரைப் போட்டு, அப்படியே ஸ்டார்ட் செய்தால் தவளை மாதிரி ஒரு குதி குதித்துக் கிளம்பும். கிளம்பினால் நிறுத்தக்கூடாது. சாதாரண நாளில் இது பெரிய விஷயமில்லை. அப்போதோ வழியெல்லாம் துப்பாக்கியோடு ராணுவச் சோதனை.

முதல் சோதனையில் அணைத்து நிறுத்தினேன். காகிதங்களைப் பார்த்துப் போகச் சொன்னார்கள். ஸ்டார்ட் செய்தேன். கார் குதித்தது. முன்னால் நின்ற சிப்பாயும் குதித்தான். துப்பாக்கி என் மூக்குக்கு நேராக வந்தது. "மன்னிச்சுடுங்க சார், க்ளட்ச் புதுசு!" என்று உளறினேன். (புதுசு என்று சொன்னதற்குப் பதில் பழசு என்றிருக்கலாம்.) அக்கா கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்றாள். அத்தான் பின்சீட்டில் பெட்டிகளுக்கு நடுவே கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வழியில் லௌட்டோகா ஊருக்கு முன்னால் இரண்டாவது சோதனை. அங்கே ஒரு பெரிய மீசைக்கார சார்ஜன்ட். குதித்துக் குதித்து வந்து நின்ற காரைப் பார்த்ததும் சந்தேகம் வந்துவிட்டது. "எல்லாரும் இறங்கு!" பெட்டிகள் திறந்தன. ஊறுகாய் ஜாடியைக்கூட மோந்து பார்த்தார்கள். கடைசியில் சார்ஜன்ட் ஓட்டுநர் பக்கம் குனிந்தார். குனிந்தவர் நிமிரவேயில்லை.

"அரே!" எங்கள் ஊர் ஹிந்தியில் உறுமினார். "இந்தப் பாய் யாருது?"

"அக்காவோடதுங்க. பக்கத்து வீட்டு மேரே பின்னிக் குடுத்தது."

"இது மேலயா செருப்புக் கால வச்சே? ஒரு பாய் பின்ன எத்தன நாளாகும் தெரியுமா? எங்க அம்மா பின்னுவாங்க. வெக்கமா இல்ல?"

துப்பாக்கியைப் பக்கத்திலிருந்தவன் கையில் கொடுத்தார். மண்டி போட்டார். பாயை உருவி, மண்ணைத் தட்டி, அழகாகச் சுருட்டி, இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினார். "கொண்டு போ அக்கா. விட்டுட்டுப் போகாத." எந்தச் சீருடைக்காரர்களுக்குப் பயந்து நாட்டை விட்டுப் போகிறாளோ, அதே சீருடை போட்ட ஒருவர் சொன்னார். அக்கா பாயைக் கட்டிக்கொண்டு விம்மினாள்.

நான் தலை குனிந்து ஏறினேன். பழக்கத்தில் க்ளட்சை மிதித்தேன். பெடல் பாய் இருந்தபோது போனதைவிட இரண்டு விரல்கடை கீழே போய் 'டக்' என்று தரையைத் தொட்டது. கியரைத் தள்ளினேன். சத்தமே இல்லை. வெண்ணெய்!

அரை மைல் போன பிறகு அக்கா மடியிலிருந்த பாயைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள், ஆரம்பித்துவிட்டாள் சிரிக்க. நாந்தி வரைக்கும் சிரித்தாள். விமான நிலையத்தில் கவுண்டரில் என்ன சொன்னாளோ, பாயைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது கார் அருமையாக ஓடியது. எனக்குத்தான் ரோடு சரியாகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் எது ஓடாவிட்டாலும் ஒரே கேள்விதான். ஃபிரிட்ஜா, ஃபோனா, பிள்ளையின் கணக்குப் பரீட்சையா, "பாயத் தூக்கிப் பாத்தியா?"

போன வருடம்தான் முதல் முறையாக ஆக்லாந்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் இப்போது இல்லை. மேரேயின் பாய் ஹாலில் கிடக்கிறது. செருப்புக் காலோடு யாரும் அதன் பக்கம் போக முடியாது. திரும்பும் நாள் காலையில் என் பெட்டிச் சாவியைக் காணோம். வீட்டைத் தலைகீழாக்கினேன். அக்காவின் ஆறு வயதுப் பேத்தி இடுப்பில் கை வைத்து நின்று வேடிக்கை பார்த்தாள். ஒரு வார்த்தை தமிழ் தெரியாத பெண். இல்லை, ஒரு வாக்கியம் மட்டும் தெரியும்.

"தாத்தா, பாயத் தூக்கிப் பாத்தியா?"

சிரித்துக்கொண்டே ஓரத்தைத் தூக்கினேன். சாவி அங்கே இருந்தது.

அக்கா ஜன்னலுக்கு வெளியே மும்முரமாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, வேணும்னே செஞ்சியா?"

"ஆமாண்டா" என்றாள். "நீ அன்னிக்குச் செய்யலையா? நீ வேணும்னே கெடுத்தேன்னு உங்க அத்தான் திட்டுவாரு. எனக்கு அதுல உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். போகாதேன்னு அன்னிக்கு ஒருத்தனாவது தடுக்கப் பாத்தானேன்னு."

இல்லை அக்கா, அது வெறும் முட்டாள்தனம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவளுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். தெரிந்தவர்கள் யாரும் படித்துக் காட்டிவிடாதீர்கள்.